செம்பனைச் செல்விக்கு ஒரு வாசகி

எங்கள் எஸ்டேட்டில் செம்பனைச் செல்வியைத் தெரியாதவர்கள் யாருமே இல்லை. அவள் கதையைப் படித்தவர்கள்தான் இல்லை.

செம்பனைச் செல்வி ஒரு படக்கதை நாயகி. பறப்பாள், ஒரே அடியில் பத்துப் பேரைச் சாய்ப்பாள், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை திருட வரும் கும்பலை விரட்டுவாள். அவளை உருவாக்கியவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் குளித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். அவர் முதலில் வரைந்த செல்வியை நான் பார்த்திருக்கிறேன். தொளதொளவென்று ஒரு டீ-சட்டை, முட்டி கிழிந்த காற்சட்டை, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். தோட்டத்தில் பழம் வெட்டுகிற அக்காமார்களில் ஒருத்தி மாதிரி இருந்தாள்.

புத்தகம் போடுகிறேன் என்று முன்வந்தவர் பெரியப்பா. எஸ்டேட் கோயிலுக்கு அவர்தான் தலைவர். எதைச் செய்தாலும் ஊரைக் கூட்டித்தான் செய்வார். படத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

"பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு பூட்ஸு? சேலை கட்டி விடு. பொட்டு வையி. மொகத்துல ஒரு களை வேணாமா?"

செல்வி ஓரிடத்தில் வழுக்கி விழுந்தாள், ஓரிடத்தில் பயந்துபோய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள். அந்தப் பக்கங்களையும் எடுக்கச் சொன்னார். "பயந்தா அப்புறம் என்னா ஹீரோலா?" ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் வீட்டில் தங்கை சொல்லும் ஏறாது. அத்தை அழித்து வரைந்தார். கடைசியில் செல்விக்குச் சிவப்புப் பட்டுச் சேலை வந்தது, பின்னால் ஒரு புலி வந்தது. கையில் பழம் வெட்டும் நீளக் கம்பு அரிவாள் மட்டும் பழையபடியே இருந்தது. அதுவும் அந்தச் சேலையோடு சேர்த்துப் பார்த்தால் சூலமாகத்தான் தெரிந்தது.

விளம்பரத்தில் பெரியப்பா குறையே வைக்கவில்லை. எஸ்டேட் நுழைவாயிலில் பேனர், கோயில் லாரியில் பேனர், ராசா டவுன் வரைக்கும் சுவரொட்டி. திருவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் செல்வி படம் போட்ட விசிறி. ஒலிபெருக்கியில் இரண்டு பாட்டுக்கு நடுவில், "வருகிறாள் செம்பனைச் செல்வி!" என்று பெரியப்பாவின் குரல் கரகரத்தது. அம்மன் வருகிறாள் என்று நினைத்து ஒரு பாட்டி வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்ததாகக் கேள்வி.

திருவிழா அன்று மதிய பூசை முடிந்ததும் வெளியீடு. புத்தகக் கட்டுகளை அம்மன் காலடியில் வைத்திருந்தார்கள். பூசாரி கடமை தவறாதவர். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, பிரசாதத்தோடு சேர்த்தே கொடுத்தார். சனங்கள் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குங்குமம் வைத்த புத்தகத்தைப் படுத்துக்கொண்டு படிக்க முடியுமா? முறுக்கு தின்ற கையால் புரட்ட முடியுமா? செல்வி அத்தனை வீட்டிலும் நேரே சாமி மேடைக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டிலும் அம்மா அவளை விளக்குக்குப் பின்னால் நிறுத்திப் பூ வைத்தார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சி. ஒரு புக்கு மிச்சமில்ல. ரெண்டாவது எப்ப?" என்று பெரியப்பா மீசையைத் தடவினார்.

அத்தை அப்பாவிடம்தான் மனம்விட்டுப் பேசுவார். "யாராச்சும் ஒரு ஆளு படிச்சிட்டு நல்லதோ கெட்டதோ சொல்லட்டும்ணே. அப்பதான் ரெண்டாவது. இல்லாட்டி இனிமே பென்சிலையே தொட மாட்டேன்" என்றார். சொன்னால் செய்கிறவர் அவர்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அத்தையே போய், படித்தாயா என்று கேட்டார். "என்னா அத்தையம்மா இப்படிக் கேட்டுட்டீங்க, தெனமும் வெளக்கு ஏத்தறேன்லா" என்றார் அவர். சாப்பாட்டுக் கடை பாய் வீட்டில் சாமி மேடை கிடையாதே என்று அங்கே போனார். பாய் புத்தகத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். "நம்ம எஸ்டேட்டுப் புள்ள வரஞ்சது. கை பட்டா அழுக்காயிரும்" என்றார். எல்லாருக்கும் அத்தை மேல் உண்மையான அன்புதான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி காயப்போடப் போன நேரத்தில் நான் செல்வியை விளக்குக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். எண்ணெய் பட்டு இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கெரோப்போக் அப்பளம் தின்றுகொண்டே கடைசி வரைக்கும் படித்தேன். அத்தை கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். ஆனால் திட்டவில்லை. என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"படிச்சியா? முழுசா படிச்சியா? எப்படிடி இருக்கு?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். "நல்லாவே இல்ல அத்த. அவங்களுக்குப் பசிக்கவே மாட்டேங்குது. யாரும் ஏச மாட்டேங்கிறாங்க. மொத பக்கத்திலயே அவங்கதான் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சிருச்சி. அந்தத் திருடன் மட்டும்தான் நல்லா இருக்கான், கால்ல பழக்கொல விழுந்து கத்துவானே, அவன்."

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, "அவன் ஒருத்தன்தான்டி நானா வரஞ்சது, உங்க பெரியப்பா கண்ணுல படல" என்றார். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு எழுந்து போய் மேசையில் புதுத் தாளை விரித்து, கிடுகிடுவென்று ஒரு ஜோடி பூட்ஸ் வரைந்தார். அதற்குள் கொடியடியிலிருந்து வந்த அம்மா, அத்தையின் ஈரக் கன்னத்தைப் பார்த்தார். என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினார்.

"அத்தைய ஏண்டி அழ வெச்ச? பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டு வரஞ்சது. போ, நல்ல வார்த்த சொல்லிட்டு வா."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அத்தை என்றால் எனக்கு உயிர். நேராக மேசைக்குப் போனேன்.

"அத்த, நான் சும்மா சொன்னேன். மிச்சம் நல்லா இருக்கு. சூப்பர்."

பென்சில் நின்றது. "நெசமாவா?"

"நெசமா. சாமி மாதிரியே இருக்காங்க."

அத்தை பென்சிலை டப்பாவில் போட்டு மூடினார். என் தலையைத் தடவினார். பிறகு பூட்ஸ் வரைந்த தாளை நாலாக மடித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சீருடையைத் தேய்க்க எழுந்து போனார். பெரியவர்களுக்கு உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது என்று முடிவு கட்டிக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.