உச்சிச் சரிவின் சிவப்பு வைன்

நனைந்த மரமும் காய்ந்த ரோசாவும் புளித்த பழமும் கலந்த ஒரு மணம் மூக்கில் ஏற, சீமெந்துத் தரையில் கறுஞ்சிவப்பாகப் பரவிக்கொண்டிருந்த வைனுக்கு நடுவே நான் வெறுங்காலோடு நின்றேன். அப்போது எனக்குப் பத்து வயது.

கனடாவின் ஸ்காபரோவில் வித்தோரியோ அங்கிளின் வீட்டு நிலக்கீழ் "பேஸ்மென்ற்"றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவருடைய குடும்பத்துக்கு இத்தாலியின் வடக்கே, பியமொந்தே மலைகளில், மூன்று தலைமுறையாக ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. தம்பியார் அதைப் பார்த்துக்கொள்ள, இவர் ரொறன்ரோவுக்கு வந்து செங்கல் அடுக்கினார். ஆனாலும் ஒவ்வொரு புரட்டாதியிலும் மனைவி அன்ரியோடு பழம் ஆயப் போய்விடுவார். அவர்களின் மிக உயர்ந்த சிவப்பு வைன் உச்சிச் சரிவிலுள்ள பழைய கொடிகளில் இருந்துதான் வரும், வருடக்கணக்காக மரப்பீப்பாவில் கிடக்கும், மழை கெடுத்த வருடத்தில் அதைச் செய்யவே மாட்டார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். அவருடைய தகப்பன் கடைசியாகச் செய்த அந்த வைனில் ஆறு போத்தல்கள் எங்கள் அறையை ஒட்டிய "கோல்ட் ரூமி"ல் கிடந்தன. எங்கள் அரிசிச் சாக்கும் வெங்காயமும் அங்கேதான்.

அப்பா குடியை விட்டு எட்டு மாதமாகியிருந்தது. "இன்னொருக்கா உங்களில சாராயம் மணந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டை போயிடுவன்" என்று அம்மா சொல்லியிருந்தார்.

அங்கிளும் அன்ரியும் இத்தாலிக்குப் போயிருந்த அந்தப் புரட்டாதியில், வெங்காயம் எடுக்கப் போன நான் லேபிளிலிருந்த மலையைப் பார்க்க ஒரு போத்தலை உருவினேன். அது கைநழுவி விழுந்தது. துவாயால் துடைத்து, துண்டுகளைப் பையில் கட்டிப் பக்கத்துத் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மணத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பின்னேரம் அம்மா அரிசி எடுக்கப் போய், முகத்தில் இரத்தமில்லாமல் வெளியே வந்தார். அப்பா வேலையால் வந்து படியில் குந்தியிருந்து ஒரு சப்பாத்தைத்தான் கழற்றியிருந்தார்.

"எத்தனை நாளா உது நடக்குது?"

"எது?"

"ஆறு கிடந்தது. இப்ப அஞ்சு."

"நான் தொடேல்லை. சத்தியமா."

"உங்கட சத்தியம் எனக்குத் தெரியும்."

அப்பா அதற்குமேல் வாய்திறக்கவில்லை. அதையே அம்மா ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். என் உடுப்புகளைப் பள்ளிக்கூடப் பைக்குள் திணித்தார். உண்மையைச் சொன்னால் அங்கிள் எல்லாரையும் வீட்டைவிட்டுக் கலைத்துவிடுவார் என்ற பயத்தில், நான் பேசாமல் அம்மாவின் பின்னால் நடந்தேன்.

பஸ் சந்தியில் திரும்புவது தெரிந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. "அம்மா, நான்தான் உடைச்சனான்."

அம்மா என் கையை விரித்துப் பார்த்தார். பெருவிரலில் கண்ணாடி கீறிய காயம் இருந்தது. பஸ் கதவு திறந்தது, அவர் ஏறவில்லை. திரும்பி வந்தபோது அப்பா ஒற்றைச் சப்பாத்தோடு அதே படியில்தான் இருந்தார். அம்மா குனிந்து, மற்றச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துவிட்டார்.

அங்கிள் திரும்பி வந்த அன்று நாங்கள் மூவரும் மேலே போனோம். "நீ பேசாதை, நான் கதைக்கிறன்" என்றார் அப்பா. கேட்டுமுடிந்ததும் அங்கிள் எழும்பினார். கீழே போய், மிச்சமிருந்ததில் ஒன்றைக் கொண்டுவந்து திறந்து, அப்பாவின் முன்னால் ஒரு கிளாசில் ஊற்றினார். பூட்டிவைத்து என்ன பயன், என்னோடு குடி என்றார்.

என் தோளிலிருந்த அம்மாவின் கை இறுகியது. அந்த மனிதரின் போத்தலை உடைத்துவிட்டு, அவர் நீட்டுவதையும் மறுப்பதா? அப்பா கிளாசையே பார்த்தார்.

"எனக்குக் குடிக்கேலாது," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அப்பா சொன்னார். "தொடங்கினா என்னால நிப்பாட்டேலாது."

அதை அவர் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல்தடவை. அங்கிள் கிளாசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோப்பி போடச் சொல்லி அன்ரியைக் கூப்பிட்டார்.

அப்பா சாகும்வரை குடிக்கவில்லை. அங்கிளும் அன்ரியும் இப்போது இல்லை, அந்த வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள், தோட்டமும் கைமாறிவிட்டது. விட்பி நகரில் என்னோடு இருக்கும் அம்மா, போன கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "அண்டைக்கு நான் அவரை நம்பியிருக்க வேணும்."

அதைக் கேட்கவேண்டியவர் நான் இல்லை.