மகள் அமத்தாத பட்டன்

என் மகள் தன் ஈரலில் பாதியை வெட்டித் தம்பிக்குக் கொடுத்தாள். சின்ன வயதில் ஒரு பனங்காய்ப் பணியாரத்தைக்கூட ஒரு கடி கடித்துவிட்டுத்தான் அவனுக்குக் கொடுப்பாள். ஈரல் திரும்ப வளருமாம், டொக்டர் சொன்னாராம். பணியாரமும் அப்படி வளர்ந்திருந்தால் எனக்கு எவ்வளவு சண்டை மிச்சமாயிருக்கும்.

ஒப்பரேசன் கொழும்பில். வார்ட்டில் ஓராளைத்தான் நிற்க விடுவார்கள் என்பதால் மருமகன் நின்றார். நான் தொண்டைமானாற்றில் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் மருமகன் வீடியோவில் அவளைக் காட்டினார். தம்பிக்காரன் இன்னும் ஐ.சி.யூ.வில், கண்திறக்கவில்லை. கையில் ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள். நோகும்போது அமத்தினால் மருந்து நரம்புக்குள் இறங்குமாம். எத்தனை தரம் அமத்தினாலும் அளவுக்கு மேல் வராதாம். நல்ல சாமான். நான் பிள்ளை பெற்றபோது எனக்குப் பிடிக்கக் கிடைத்தது கட்டில் சட்டம்தான்.

நோகுதோ என்று கேட்டேன். இல்லை என்றாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அந்த உதட்டை எனக்கு நாற்பது வருசமாகத் தெரியும்.

மருமகன் போனை விறாந்தைக்குக் கொண்டுபோய் உண்மையைச் சொன்னார். விடியத் தொடக்கம் அவள் பட்டனைத் தொடவில்லை. பத்துக்கு எத்தனை நோகுது என்று நேர்ஸ் கேட்டால், இரண்டு என்கிறாளாம். ஆனால் மூச்சை ஆழமாக இழுக்கவும் இல்லை, இருமவும் இல்லை. இப்படியே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

போனைத் திரும்ப அவளிடம் கொடுக்கச் சொல்லி, மெல்லமாகக் கேட்டேன். அப்போதுதான் வெளியே வந்தது. எங்கள் ஊர்ச் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். காவடிக்காரர் முதுகில் செடில் கொக்கி குத்திப் பொறுப்பதுபோல, தம்பி கண்திறந்து கதைக்குமட்டும் இவள் மருந்தில்லாமல் நோவைப் பொறுக்கிறதாம்.

வருசா வருசம் திருவிழாவுக்குக் கூட்டிப்போய், பார் எப்படிப் பொறுக்கிறார்கள் என்று காட்டினவள் நான்தானே. நேர்த்தியை விடு என்று சொல்லவும் பயம். தம்பிக்கு ஏதும் நடந்தால் சாகுமட்டும் தன்னையே குற்றம் சொல்லுவாள். ஆனால் பிள்ளை வைத்த நேர்த்தியைத் தாய் செய்து முடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்.

"பிள்ளை, முருகனோடை நான் கதைச்சிட்டன். உன்ரை நேர்த்தியை என்ரை பேருக்கு மாத்தியாச்சு. நான் அடியழிக்கிறன். நீ பட்டனை அமத்து."

அடியழிப்பதென்றால் கோயில் வீதியில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, கை தொட்ட இடத்தில் நின்று திரும்ப விழவேண்டும். என் முழங்காலோ கதிரையில் இருந்து எழும்பவே ஆள் தேடும்.

"உங்களாலை ஏலாது, அம்மா."

"விழுறது எனக்குச் சுகம். எழுப்பிறதை முருகன் பாக்கட்டும்."

சிரிக்கப் போனாள். சிரிப்பு காயத்தில் இழுத்தது.

"அம்மா, நோகுது."

கலியாணம் கட்டிப் போனபிறகு அந்தச் சொல்லை அவள் என்னிடம் சொன்னதில்லை. அதைக் கேட்க எனக்கு இவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்கே தெரியாது. அவளுடைய பெருவிரல் பட்டனை அமத்துவதைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண் செருகியது. நித்திரையாகிவிட்டாள், போனை வைக்கட்டோ என்று மருமகன் கேட்டார். வேண்டாம் என்றேன். அவளின் நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டேன். முடி விலகவில்லை, போன்தான் கட்டாகிவிட்டது.