நாய்களுக்கு மைதானம் திறந்த நாள்

அந்த லாப்ரடார், மகன் துபாய்க்குத் திரும்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. விடுமுறைக்கு வந்தவன் குட்டியாக வாங்கி வந்து ஒரு மாதம் கொஞ்சினான், பிறகு விமானம் ஏறிவிட்டான். நாய் வளர்ந்தது. நிறுத்தாமல் வளர்ந்தது.

குழித்துறையில் எங்கள் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கத்தான் இடம். தெருவில் இறங்கினால் தெருநாய்கள் வளைத்துக்கொள்ளும். என் முழங்காலை வைத்துக்கொண்டு இந்தத் தடியனை இழுத்துப் பிடிக்கவும் முடியாது. அதனால் பகலெல்லாம் சங்கிலி. ஒருநாள் கால்நடை மருத்துவர் அதன் பின்னங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இத ஓட விடணும் அக்கா. இல்லேங்கி இடுப்பு போயிரும், பொறவு எந்திக்காது" என்றார்.

அவருடைய கிளினிக் வாசலில்தான் என்னைப் போலவே மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தேன். பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் விட்டுப்போன நாய்கள், எல்லாம் கொழுத்துப்போனவை. பேச்சோடு பேச்சாக ஒரு சங்கம் உண்டானது. எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் முதல் வேலை தலைவரைத் தேர்ந்தெடுப்பது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தலைவரானார். ஆற்றங்கரையில் முள் மண்டிக் கிடந்த நகராட்சி இடத்துக்கு வேலி போட்டுக்கொள்கிறோம், நாய்களை அவிழ்த்துவிட அனுமதி கொடுங்கள். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு அலைந்த அலைச்சல் சொல்லி மாளாது. கொடைவிழாவுக்கு வண்டி நிறுத்த அந்த இடம் வேண்டும் என்றார்கள் கோயில்காரர்கள். திருவிழாவுக்கு வேண்டும் என்றார்கள் சர்ச்சுக்காரர்கள். வேறு எதிலும் இவர்கள் இத்தனை ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. டீக்கடையில் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: "மனுசனுக்கு நடக்க எடமில்ல. இதுல பட்டிக்குப் பார்க்காக்கும்!" எங்கள் பக்கம் பட்டி என்றால் நாய். நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஓர் அதிகாரி தலையாட்டுவார், அவர் மாற்றலாகிப் போவார், புதிதாக வந்தவர் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். போதும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். ஆனால் காலையில் நாய் முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் என்னைப் பார்க்கும். மறுபடியும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

ஒருவழியாக அனுமதி வந்தது. முள் வெட்டினோம், இடுப்பளவு கம்பிவலை கட்டினோம். திறப்பு விழாவுக்குக் கவுன்சிலர் வந்தார். நாய்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். ரிப்பன் வெட்டியதும் வார்களை அவிழ்த்தோம். என் நாய் நாலு அடி நடந்து புல்லை மோந்து பார்த்தது. வால் ஆடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வெடி வெடித்தது.

எங்கள் ஊரில் வெடி போடாமல் எதுவும் தொடங்குவதில்லை. கோயிலிலும் வெடி, சர்ச்சில் கொடி ஏறினாலும் வெடி. திருவிழா நாட்களில் நாயைக் குளியலறையில் பூட்டி வைத்துக்கொண்டு கூடவே உட்காருகிறவர்கள்தான் நாங்கள் அத்தனை பேரும். ஆனாலும் தலைவர் வெடிக்குச் சொல்லிவைத்திருந்தார். எல்லா நாய்களும் சிதறின. வெறும் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார்: "வெடி இல்லாம எப்பிடி அக்கா ஒரு காரியம் தொடங்கது?"

என்னுடையது வேலியை ஒரே தாவலில் தாண்டியது. எழுந்து நிற்கவே சிரமப்பட்ட நாய். காதுகள் பின்னால் பறக்க, ஆற்றோரச் சாலையில் நீண்டு நீண்டு ஓடியது. அவ்வளவு அழகாக ஓடும் என்று எனக்குத் தெரியாது.

பொழுது சாயும்போது சந்தைப் பக்கம் நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் பயந்து ஒடுங்கிக் கிடந்தது. மீன் விற்கிற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றித் தந்தார்கள். அதன்பிறகு அது கேட்டைத் தாண்டவே இல்லை. வாரை எடுத்தாலே கொல்லைப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்போது இடுப்பு முழுதாக விழுந்துவிட்டது. நான்தான் புரட்டிப் போட்டுத் துடைக்கிறேன். மற்ற நாய்களும் மைதானத்துப் பக்கம் திரும்ப வரவில்லை. அங்கே இப்போது கோயில்காரர்களும் சர்ச்சுக்காரர்களும் முறைவைத்து வண்டி நிறுத்துகிறார்கள்.

போன வாரம் மகன் போனில் கேட்டான். "அம்மா, பார்க்கெல்லாம் தொறந்தாச்சுல்லா? நம்ம ஆளு ஓடினானா?"

"ஓடினான் மக்கா, ஒருநாள் நல்லா ஓடினான்" என்றேன். "இனி ஓட மாட்டான். நீ லீவு போட்டு வந்து ஒருக்கப் பாத்துட்டுப் போ."