மெஷினுக்காக இறங்கிய இருவர்

அம்மான் நகரத்தின் லிஃப்ட்டுகளில் பாதிக்கு மேல் இன்று அரீஜ் நஸ்ஸார் என்ற பாதுகாப்புப் பொறியாளர் தட்டிப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஓடுகின்றன. அவளைப் பொறியாளராக்கியவர் யாரென்று கேட்டால், அவள் கல்லூரியைச் சொல்வதில்லை. தனக்கு எதையுமே கற்றுத்தராத அபூ நாயிஃப் என்பவரைத்தான் நெஞ்சு நிறைய நன்றியோடு சொல்வாள்.

மூன்றாம் வருஷம் வரை அரீஜ் இயந்திரங்களோடு மட்டும் நல்லுறவில் இருந்தாள். மனிதர்கள் முன் எழுந்து நின்றால் பேச்சே வராது. "உன் வரைபடம் நல்லாப் பேசுதும்மா, நீ எப்பப் பேசுவ?" என்று பேராசிரியர் வகுப்பு நடுவில் கேட்ட அன்று ஒரு முடிவுக்கு வந்தாள். கட்டாயப் பயிற்சியை மட்டும் முடித்துவிட்டுப் படிப்புக்கு ஸலாம் சொல்லிவிடுவது. தாய்மாமன் டைல்ஸ் கடையில் கல்லாவில் உட்கார்ந்துவிடுவது. அப்பா தலையாட்டினார். மாமா ஒரு படி மேலே போய் சுழல் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

பயிற்சிக்குக் கிடைத்தது ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி. பொறியியல் மாணவியை என்ன செய்வதென்று எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. ஸ்பேனரைக் கொடுத்தால் அடிபட்டுக்கொள்வாள். வேலையைக் கொடுத்தால் கற்றுக்கொண்டுவிடுவாள். மேற்பார்வையாளர் அபூ நாயிஃப் இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் சில வாரம் தவித்தார். தொலைபேசி எடுக்கும் பெண் பிரசவத்துக்குப் போனாள், அவருக்கு உயிர் வந்தது.

"இங்க உக்காரு. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு யாராவது கூப்பிட்டா, மெக்கானிக் வந்துட்டே இருக்கார்னு சொல்லு."

"எங்க வர்றார்னு கேட்டா, சித்தப்பா?" வயதில் மூத்த ஆண் யாரானாலும் அவளுக்குச் சித்தப்பாதான்.

"பக்கத்துலன்னு சொல்லு. அம்மான்ல எல்லாமே பக்கத்துலதான்."

பேசப் பயந்தவளுக்கு நாள் முழுக்கப் பேசுகிற வேலை. இரண்டே வாக்கியம்தான். அதையும் அவள் கிசுகிசுத்தாள். "யம்மா, லிஃப்ட்ல மாட்டுனது நானா நீயா? சத்தமாப் பேசு!" என்று மாட்டிக்கொண்டவர்களே அவளுக்குத் தைரியம் சொன்னார்கள்.

ஒரு வியாழக்கிழமை மாலை. அபூ நாயிஃப் ஃபலாஃபில் வடை வாங்கப் போயிருந்தார். மெக்கானிக் வழக்கம்போல் போக்குவரத்து நெரிசலில், பக்கத்தில். நகரின் தபர்பூர் பகுதியிலிருந்து அழைப்பு வந்தது. பெண் கேட்டு வந்த பெரியவர்கள் கூட்டம்.

"லிஃப்ட் கெட்டுப்போச்சு! மணி அடிச்சுட்டே இருக்கு, கதவு மூட மாட்டேங்குது. பொண்ணு வீடு ஏழாவது மாடி!" என்றது ஒரு கனத்த குரல். பேசியவர் அபூ ஹைதம்; போனை எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"உள்ள எத்தனை பேர், சித்தப்பா?"

"எட்டே பேருதான்."

"அது ஆறு பேர் லிஃப்ட்."

"ஒல்லி ஆளுங்க கணக்கா, எங்க கணக்கா?"

"உங்க கணக்குன்னா நாலு, சித்தப்பா."

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பின் தைரியத்தில், "ரெண்டு பேர் எறங்கினாப் போதும்" என்றாள்.

சிரிப்பு நின்றது. மரியாதை தொடங்கியது.

"நான் எறங்கிப் படியேறுறேன்" என்றார் கூட்டத்தின் மூத்தவர் ஹாஜி ஃபவ்வாஸ்.

"ஹாஜி, நீங்க படியில கால் வெச்சா என் பொண்டாட்டிக்குத் தலாக்!" என்று அபூ ஹைதம் சத்தியம் செய்தார்.

"அப்படின்னா அல்லா மேல ஆணை, எனக்காக வேற ஒருத்தரும் எறங்கக் கூடாது!"

"யோவ் அபூ ஹைதம், அவளை எதுக்குய்யா இழுக்குற? பாவம், வீட்டுல நிம்மதியா மக்லூபா சோத்தைத் தட்டுல கவுத்துட்டிருப்பா!" என்றார் இன்னொருவர்.

ஆக, மேலே ஒரு கல்யாணம் காத்திருந்தது, கீழே இன்னொன்று ஊசலாடியது. ஹாஜி இறங்கிப் படியேறினால் தலாக். ஹாஜிக்காக மற்றவர் இறங்கினால் ஆணை முறியும். அரீஜிடம் 'மெக்கானிக் வந்துட்டே இருக்கார்' என்ற வாக்கியம் கைவசம் இருந்தது. சொல்லிவிட்டு வைத்துவிடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு விடை தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டு சும்மா இருப்பது, பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஹாஜிக்காக யாரும் எறங்க வேணாம்!" என்றாள். குரல் அறைச் சுவரில் பட்டுத் திரும்பியது. "மெஷினுக்காக எறங்குங்க. எடை பாக்குற கருவி ஒழுங்கா வேலை செய்யுதான்னு சோதிக்கணும். கதவுகிட்ட நிக்கிறவங்க ஒவ்வொருத்தரா வெளிய வாங்க. மணி எப்ப நிக்குதுன்னு சொல்லணும். காது கூர்மையா இருக்கணும்."

"என் காது கூர்மை!"

"உன் காதா? உன் சம்சாரம் கூப்பிட்டு ஒருநாளாவது கேட்டிருக்கா?"

இறங்கக் கூடாதென்று சண்டை போட்டவர்கள் இப்போது இறங்கச் சண்டை போட்டார்கள். "ரெண்டு பேர் போதும்!" என்று அரீஜ் அதட்ட வேண்டியதாயிற்று. இரண்டாமவர் கால் வெளியே வந்ததும் மணி நின்றது.

"கருவி நல்லாருக்கு. இப்ப ஆறு பேர் மேல போங்க. சோதனை பண்ணின ரெண்டு பேரும், லிஃப்ட் திரும்பி வந்து தரையோட சமமா நிக்குதான்னு பாத்துட்டு அதுலயே ஏறுங்க. பொண்ணு வீட்டு வாசல்ல எல்லாரும் சேந்து உள்ள போகலாம்."

கொஞ்ச நேரம் கழித்து அபூ ஹைதமே கூப்பிட்டார். "பொண்ணு குடுத்துட்டாங்க, காபி குடிச்சாச்சு! என் குடும்பமும் பொழச்சுது. உன் பேர் என்ன, இன்ஜினியர்? கல்யாணம் ஆச்சா? எங்க அண்ணன் பையன் ஒருத்தன்..."

ஃபலாஃபில் பொட்டலத்தோடு உள்ளே வந்த அபூ நாயிஃப் போனை வாங்கினார். "இன்ஜினியர் வேலையா இருக்காங்க" என்று சொல்லி வைத்தார்.

அவளை அன்றுவரை யாரும் இன்ஜினியர் என்றதில்லை. ஒரே மாலையில் இரண்டு பேர். மனிதர்களுக்குப் பயந்து இயந்திரத்தையும் விட்டு ஓடப் பார்த்தோமே, இயந்திரத்தின் பக்கம் நின்று பேசினால் மனிதர்களிடமும் பேச வருகிறதே என்று பேருந்தில் போகும்போது அவளுக்குப் பட்டது.

"மாமா கேட்டார், எப்ப வர்றேன்னு" என்றார் அப்பா.

"நான் போகலப்பா. நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன்."

போனில் மாமா நம்பவில்லை. "பேசறது அரீஜா? நாற்காலி வாங்கிட்டேனேம்மா!"

"நீங்களே உக்காருங்க மாமா, உங்களுக்கு முதுகு வலி. நான் படிப்பை முடிக்கிறேன். லிஃப்ட்தான் என் வேலை."

அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் இந்தக் குரல் புதிது.

மறுவாரம் முதல் நாள், எல்லோருக்கும் முன்னால் கம்பெனிக்குப் போய் நின்றாள். "மெக்கானிக்கோட மெஷின் ரூமுக்குப் போகணும், சித்தப்பா. ஃபோன் எடுக்கற நேரம் போக."

அபூ நாயிஃப் யோசித்தார், மறுக்கக் காரணம் தேடினார், கிடைக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தலைக்கவசத்தை எடுத்து நீட்டினார். "பெரிசா இருக்கும். அனுசரிச்சுக்கோ."

"ரொம்ப நன்றி, சித்தப்பா. எல்லாத்துக்கும்."

லிஃப்ட் தொழிலில் நன்றி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து, தன் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.