பின் சீற் இல்லாத கார்

அந்தக் காரை நான் வாங்கியது பிழை என்று சொல்லுகிற ஆட்கள் ரொறன்ரோவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் அந்தக் கதையை எடுக்காமல் விடமாட்டார்கள். எடுக்கட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இங்கிலிஷ் இன்றைக்கும் ஒழுங்காக வராதவன், யூனியன்வில் பக்கம் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். பிழையான காரில் ஓடி நான் வந்து சேர்ந்த இடம் இது. சரியான கார் வாங்கியவர்கள் அதை இடித்துக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வோபர்னில் அக்காவின் அப்பார்ட்மென்றில், ஹோல் சோபாவில் படுத்தெழும்பினேன். பகலில் ஒரு இத்தாலியனின் கராஜில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. நான் கார் வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் கட்டடத்துச் சனம் முழுக்க எனக்காக ஒரு வான் வண்டி தேடியது. அந்த நாளில் ஒருவன் வாகனம் வாங்கினால் அது அவனுடையது அல்ல. கோயிலுக்கு, டொக்ரரிடம், அரிசி மூட்டை எடுக்க, விமான நிலையத்துக்கு என்று எல்லாரும் அதற்குச் சொந்தக்காரர். அக்காவின் புருஷன், என் அத்தான், ஏழு பேர் இருக்கக்கூடிய வான் ஒன்றை எனக்காகப் பேசியே வைத்துவிட்டார்.

நான் இரண்டு கதவுக் காரோடு வந்தேன். எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். மசில் கார் என்பார்கள். மட்காட்டைத் துருக் கறள் தின்றிருந்தது, ஒரு கதவு வேறு நிறம். வேலை முடிந்த பிறகு கராஜின் பின்பக்கத்தில் வைத்து நானே வெட்டினேன், நானே ஒட்டினேன். கறளைச் சுரண்டி, புதுத் தகடு வைத்து, கை மரத்துப்போகும்வரை உரஞ்சி, கறுப்புப் பெயின்ற் அடித்தேன். காய்ந்ததும் அதில் முகம் பார்த்துச் சீப்பால் தலை இழுத்தேன். அதைப் பார்த்த இத்தாலியன் மறுநாளே என்னைப் பெயின்ற் அறைக்கு மாற்றினான். பின்னுக்கு அகலமான ரயர் போட்டேன். சைலன்சரையும் மாற்றினேன், ஸ்டார்ட் பண்ணினால் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு அதிரும். பாரம் குறையட்டும் என்று பின் சீற்றைக் கழற்றி எறிந்தேன். அதோடு, கோயிலுக்கு ஏற்றிப்போ என்று கேட்கிறவர்களின் வாயும் அடைபட்டது.

அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் சில இளம் பெடியள் கோஷ்டி கோஷ்டியாகச் சேர்ந்து தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கார், சத்தம், என் தாடி. சனத்துக்கு வேறென்ன வேண்டும்? "உங்கடை மச்சான் எந்தக் கோஷ்டி?" என்று லிஃப்டில் ஒரு அன்ரி அத்தானிடம் கேட்டிருக்கிறா. அத்தான் அன்று பார்க்கிங்குக்கே இறங்கி வந்துவிட்டார்.

"உந்தக் காரை வித்துப்போட்டு மனுசனா வா. இல்லாட்டி இந்த வாசலுக்கு வராதை. எனக்கொரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு."

"விடிய வேலைக்குப் போய் இருட்டித்தான் வாறன். எனக்கெங்கை கோஷ்டிக்கு நேரம்?"

"சனம் அப்பிடிக் கதைக்கேல்லை."

"சனத்துக்குக் கோயிலுக்குப் போக வான் இல்லையெண்ட கோவம், அத்தான்."

உடுப்புப் பையை எடுத்துப் பின் சீற் இருந்த இடத்தில் எறிந்துவிட்டு வெளிக்கிட்டேன். ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். அக்கா போனில் அழுவா. நான் காரை விற்கவில்லை.

அடுத்த கோடையில் அக்காவின் மகள், என் மருமகளுக்குச் சாமத்திய வீடு, வயதுக்கு வந்த சடங்கு. பெரியபிள்ளையானவளின் தலையில் தாய்மாமன்தான் தண்ணீர் வார்க்க வேண்டும். கனடாவில் அக்காவுக்கு இருந்த ஒரே சகோதரம் நான். அத்தான் அதற்கும் வழி கண்டுபிடித்தார்: மிசிசாகாவில் அக்காவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், சத்தமில்லாத கார் ஓடுகிறவன். அக்கா ஒரே பிடியாக நின்றா. "என்ரை கூடப்பிறந்தவன் இருக்க ஆரோ வந்து வார்க்கிறதோ? அப்ப என்னையும் விட்டிட்டே கொண்டாடுங்கோ."

அத்தான் கராஜுக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"சனிக்கிழமை வந்து தண்ணி வார்த்துவிடும், தம்பி. காரை மட்டும் எங்கையாவது விட்டிட்டு பஸ்ஸிலை வாரும்."

"கார் வராட்டி நானும் இல்லை. அது கட்டட வாசலிலைதான் நிக்கும். பிள்ளை மண்டபத்துக்கு அதிலைதான் போவா."

"நான் வாடகைக்கு லிமோக் கார் சொல்லிப்போட்டன்."

"அப்ப லிமோக்காரனையே தண்ணி வார்க்கச் சொல்லுங்கோ."

திரும்பிப் போனார். இரண்டு நாள் கழித்து லிமோவை வேண்டாமென்று மறித்தாயிற்று என்று அக்கா போனில் சொன்னா. மறிக்க வைத்தது மருமகள். தகப்பனுக்கு முன்னால் நின்று, "நோ லிமோ, அப்பா. மாமாட காரிலைதான் போவன். தட்ஸ் இட்," என்றிருக்கிறாள். அவள் உடம்பில் ஓடுவது எங்கள் ரத்தம்.

சனிக்கிழமை காரை வாசலின் நடுவில் விட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே போய்த் தண்ணீர் வார்த்தேன். சேலை, கழுத்தில் அட்டியல், பின்னலில் சடைநாகம் எல்லாவற்றோடும் அவளை முன் சீற்றில் இருத்த நாலு பெண்கள் பாடுபட்டார்கள். தோழிமாருக்கு இடமில்லை, அவர்கள் பின்னால் வானில் வந்தார்கள். வான்களுக்கும் ஒரு வேலை இருக்கத்தானே வேண்டும். வீடியோக்காரன் ஒரு வானின் ஜன்னலால் அரை உடம்பை வெளியே நீட்டிப் படம் பிடித்தான். மார்க்கம் றோட்டில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மருமகள், "ரெவ் இட், மாமா," என்றாள். நானும் மிதித்து எஞ்சினை உறுமவைத்தேன்.

மண்டப வாசலில் மேளக்காரர் வாசிக்கத் தொடங்கினார்கள். தவில்காரரின் கை அசைவதுதான் தெரிந்தது. எங்கள் எஞ்சினுக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் பட்டுவேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"எஞ்சினை நிப்பாட்டும். சனம் பாக்குது."

"பாக்கட்டும், அத்தான். பாக்கத்தானே வந்தது."

அவர் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு மற்றப் பக்கம் சுற்றிப் போய், மகளுக்குத் தானே கதவைத் திறந்துவிட்டார். தரையோடு பதிந்த கார் அது. யாரென்றாலும் குனிந்துதான் கை கொடுக்க வேண்டும். அவர் குனிந்து கை கொடுத்தார். அவள் இறங்கி, சேலைக் கரையைச் சரிசெய்து, தகப்பனோடு படியேறி முடியும்வரை நான் எஞ்சினை நிறுத்தவில்லை.