பீப்பாய்க்குள் ஒளிந்த உலகம்

துறைமுகத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. "உலகம்" என்றுதான் கூப்பிடுவார்கள். பீப்பாய் செய்வது அவர் தொழில். உலகத்தைப் பற்றிப் பேசுவது அதற்கும் மேலான தொழில். "உலகம் வருது, வழி விடுங்கப்பா" என்று மீன்காரி கூவினால், அவரும் தொந்தியைத் தடவிக்கொண்டு, "உருண்டையா இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறீங்களே, இப்ப பாத்துக்கோங்க" என்பார். அடுத்தவர் கிண்டல் செய்வதற்குள் தானே முந்திக்கொண்டு தன்னைக் கிண்டல் செய்துகொள்வது அவர் பிறவிக் குணம்.

சாயங்காலமானால் துறைமுகத்துச் சாராயக்கடையில் அவர் பேச்சுக்கென்றே ஒரு கூட்டம் உட்காரும். அந்தக் காலத்தில் மிளகும் பட்டும் ஒட்டக முதுகில் ஏறிப் பாலைவனம் தாண்டி வந்துகொண்டிருந்தன. வழியில் எத்தனையோ ராஜாக்கள், எத்தனையோ சுங்கச்சாவடிகள். "ஒவ்வொருத்தனும் ஒரு பிடி அள்ளிக்கிட்டா, நமக்கு வர்றது கோணிப்பையோட வாசனைதான்" என்பார். பிறகு மேஜையில் சிந்தியிருக்கும் சாராயத்தில் விரலைத் தோய்த்து வழி போடுவார். "இது நம்ம துறைமுகம். இப்படியே கரையோரமா தெற்கே இறங்கணும். இங்க ஒரு முனை. அதுல திரும்பினா மிளகு!"

"தெற்கே போனா கடல் கொதிக்குதாமே?" என்று ஒருவன் கேட்பான்.

"கொதிச்சா நல்லதுதானே, மீன் வெந்தே கிடைக்கும்."

"நீ போயிருக்கியா உலகம்?"

"நானா? படகுல அக்கரைக்குப் போனாலே, எனக்கு முன்னாடி என் வயிறு கரையேறிடும். என்னைப் போய்க் கேக்கறியே!"

இப்படி வாயாலேயே உலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த மனிதருக்கு, அந்த வாயே வினையாக வந்தது. மிளகு விளையும் நாட்டுக்குக் கடல்வழி கண்டுபிடித்தே தீருவது என்று அரசர் முடிவு செய்து, கப்பல்களைத் தயார் செய்தார். பெரிய கப்பலுக்குப் பேசி வைத்திருந்த பீப்பாய்க்காரன், புறப்படும் நேரத்தில் ஊரைவிட்டே ஓடிவிட்டான். கப்பல் மேஸ்திரி சாராயக்கடைக்குள் நுழைந்து, "பீப்பாய் வேலை தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா? கடலுக்குப் பயப்படாதவனா இருக்கணும்" என்றார். கடையில் இருந்த அத்தனை விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. வழியெல்லாம் தெரிந்த ஆள் என்று சிபாரிசு வேறு. வர மறுத்தால் பட்டறைக்கு முத்திரை வைத்துவிடுவோம், அரசர் கட்டளை என்று சொல்லிவிட்டுப் போனார் மேஸ்திரி.

பட்டறைக்குப் பின்னால் இரண்டே அறைகள்தான் வீடு. அங்கே அவர் மனைவி நிறைமாதமாக இருந்தாள். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அன்று ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். இந்தத் தடவை பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கவேண்டும், அதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லை.

"ஊருக்கெல்லாம் வழி சொன்னீங்களே மாப்பிள்ளை, இப்ப என்ன முழிக்கிறீங்க?" என்றார் மாமியார்.

"போற வழி தெரியும் அத்தை. திரும்பி வர்ற வழியை இன்னும் யாருமே சொல்லலையே."

"சிரிக்காதீங்க" என்றாள் மனைவி. "நீங்க இல்லாம நான் பெத்துக்க மாட்டேன். அவ்வளவுதான்."

பயந்தாங்கொள்ளி என்று சொல்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். போனவர்களில் பாதிப்பேர் திரும்பாத காலம் அது. அவர் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பயந்த பிறகு அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

மறுநாள் காலையில் மேஸ்திரி ஆட்களோடு தெருமுனையில் வருவது தெரிந்தது. பின்வாசல் கிடையாது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். செய்து முடித்த பீப்பாய்கள் வரிசையாக நின்றன. சட்டென்று ஒன்றின் மூடியைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். தொந்தி மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது. மாமியார் அவர் தலையில் கைவைத்து ஓர் அழுத்து அழுத்தி, மூடியைப் பொருத்தி, இரும்பு வளையத்தைத் தட்டி இறக்கினார். மருமகன் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை.

"தக்கையை மட்டும் வச்சிடாதீங்க அத்தை, அந்த ஓட்டை வழியாத்தான் மூச்சு விடணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாயை மூடுங்க மாப்பிள்ளை!"

மேஸ்திரி வந்தார். ஆள் எங்கே என்றார். மரம் வாங்கப் போயிருக்கிறார் என்றார் மாமியார், கண்ணைக்கூட இமைக்காமல். "சரி, வந்ததும் அனுப்புங்க. தண்ணி நிரப்பணும், பீப்பாயையாவது எடுத்துட்டுப் போறோம்" என்றார் மேஸ்திரி.

பீப்பாய்களைக் கொண்டுபோகும் நாள் அதுதான் என்பது பீப்பாய் செய்தவருக்கே மறந்துபோயிருந்தது. ஒளிவதற்கு அவர் தேர்ந்தெடுத்ததோ, கப்பலுக்கென்றே செய்த சாமானை. அதைவிட்டு மரத்தூள் குவியலுக்குள் படுத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார். "அது வேண்டாம்" என்று மனைவி வாய் திறந்தால் மாட்டிக்கொள்வார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூலிக்காரர்கள் பீப்பாயைச் சாய்த்து உருட்டினார்கள்.

"என்னம்மா, வெறும் பீப்பாய் இந்தக் கனம் கனக்குது?"

"எங்க மாப்பிள்ளை அசல் மரம்தான் போடுவார்" என்றார் மாமியார்.

அன்றைக்கு உலகம் நிஜமாகவே சுற்றியது. தெருவின் சரிவு முழுக்கக் காலும் தலையும் இடம் மாறி மாறி, சாப்பிட்டது தொண்டைக்கும் வயிற்றுக்குமாகப் போய்வந்தது. கடலில் இறங்காமலேயே கடல் மயக்கம் வந்த முதல் ஆள் நான்தான் என்று அந்த நிலையிலும் அவருக்குத் தோன்றியதாம்.

கப்பல் துறையில் பீப்பாய்களை நிமிர்த்தி வைத்தார்கள். மேஸ்திரி மரச்சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். நன்றாகக் காய்ந்த மரமாக இருந்தால் காலிப் பீப்பாய் 'டங்'கென்று பாடும். பாடியது, பாடியது, பாடியது. நம் ஆள் இருந்த பீப்பாய் மட்டும் 'தொப்' என்றது.

"பச்சை மரம்" என்றார் மேஸ்திரி. "இதை ஓரமாத் தள்ளுங்க."

உள்ளே இருந்தவருக்கு உயிர் வந்தது. ஓரமாகத் தள்ளிவிட்டார்கள் என்றால் இருட்டியதும் வெளியே வந்து வீட்டுக்குப் போய்விடலாம். அசையாமல் இருந்தார்.

"திருட்டுப்பய, பச்சை மரத்தைத் தலையில கட்டப் பாத்திருக்கான். அதான் ஆளைக் காணோம்" என்றார் மேஸ்திரி.

உள்ளே அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இதுல ஊத்தின தண்ணியைக் குடிச்சா கப்பல்ல ஒருத்தன் மிஞ்ச மாட்டான். இவன் பீப்பாயா செய்யறான்? இவனுக்கு மாட்டுத்தொட்டி செய்யக்கூட வராது."

"யோவ்! மூணு கோடை வெயில்ல காய்ஞ்ச மரம்யா அது! மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஐயோ, பீப்பாய் பேசுதுடா!" என்று கூலிக்காரர்கள் சிதறி ஓடினார்கள். சத்தம் கேட்டுக் கப்பல் தலைவரே இறங்கி வந்து மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே முழங்காலுக்கு நடுவில் முகத்தோடு உலகம் உட்கார்ந்திருந்தது.

"கொஞ்ச நேரம் பேசாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பியேப்பா" என்றார் தலைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தெரியும் ஐயா. வாய் என்னோடதுதான். நான் சொன்னாத்தான் கேக்காது."

"உன்னை மாதிரி ஆளைத்தான் தேடினேன். நடுக்கடல்ல தண்ணி கெட்டா எல்லாரும் செத்தோம். பீப்பாயைக் குறை சொன்னா தன் உயிரையே மறக்கறவன் பக்கத்துல இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

கெஞ்சினார். பிள்ளை முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் புறப்படத் தோதாகக் காற்று திரும்பிவிட்டது, அதை யாராலும் நிறுத்திவைக்க முடியாது. கப்பல் நகரும்போது, விஷயம் கேள்விப்பட்ட மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாயை மூடிட்டு இருக்கவே தெரியாதா உங்களுக்கு?" என்று கரையிலிருந்து கத்தினாள். கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மிளகு நாட்டைப் பார்த்தாரா என்றால், போனார் என்றுதான் சொல்லவேண்டும். போகும்போதும் வரும்போதும் கப்பலின் அடித்தட்டில், இருட்டில், பீப்பாய்களைத் தட்டி, கசிவை அடைத்து, வளையத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். முனையில் கப்பல் திரும்பியபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மிளகுக் கரையில் இறங்கி ராஜாவையும் யானையையும் பார்த்தபோது, பீப்பாய் ஒன்று வளையம் விட்டுப்போய், அதோடு மல்லுக்கு நின்றார். மேல்தட்டுத் திறப்பு வழியாகக் கொஞ்சம் பச்சை தெரிந்ததாம், மரமாக இருக்கும் என்றார். ஈறு வீங்கிப் பற்கள் கொட்டின. செத்துப்போன எத்தனையோ பேரைக் கடலில் இறக்கிவிட்டார்கள். தண்ணீரால் மட்டும் யாரும் சாகவில்லை.

சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது தெருவில் பலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தொந்தி இருந்த இடத்தில் கயிறு கட்டிய கால்சட்டைதான் இருந்தது. வீட்டு வாசலில் ஒரு பெண் குழந்தை, மாமியாரின் அதே மோவாயோடு, காலை அகட்டி நின்றுகொண்டு வழியை மறித்தது.

"யாரு நீ?"

அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மாமியார், "உங்கப்பாடி" என்றார்.

குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது. "எப்ப போவாரு?"

"போகல கண்ணு" என்றார் அவர், வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து. "இனிமே எங்கேயும் போகல."

குழந்தை சற்று யோசித்தது. பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, இவரு போகவே மாட்டாராம். சாப்பாடு பத்துமா?" என்று கத்தியது.

"பத்தும்" என்றாள் அவர் மனைவி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.