நெசவு அறையின் அரை அடி

1819, நவம்பர் 3 – தோபெக் பிறப்பு.
1840 – பழைய கிளாரினெட் வாங்கியது, 9 ஸ்லாத்தி நாணயம்.
1868 – தறி விற்றது, 14 ஸ்லாத்தி.
1891, அக்டோபர் 20 – பிராகுக்குத் தபால், 5 கிரெய்ட்சர்.

புரோகோப் தோபெக் எங்கள் ஊர் நெசவாளி. கல்யாணங்களில் கிளாரினெட் ஊதுவார். மில் வந்ததும் தறி போனது. பிறகு மனைவி அப்பொலேனாவும் இறந்துபோனாள். பிள்ளைகள் வியன்னாவில் செங்கல் சுமக்கிறார்கள். அவரிடம் மிஞ்சியது ஒரே பேச்சு: போல்கா எங்கள் நெசவு அறைகளில் பிறந்த ஆட்டம். தறிக்கும் அடுப்புக்கும் நடுவே முழு அடி வைக்க இடமில்லாமல் அரை அடி வைத்தார்கள். பாதி என்பதற்கு எங்கள் செக் மொழியில் உள்ள 'பூல்கா' என்ற சொல்லே ஆட்டத்தின் பெயரானது. பாரிஸிலும் லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் அதே பெயரைச் சொல்லித்தான் ஆடுகிறார்கள். புத்தகங்களோ, அது போலந்துப் பெண்ணைக் குறிக்கும் செக் சொல் என்றன. பிராகில் தயாராகும் அகராதியில் நெசவாளிகளைப் பற்றி ஒரு வரியாவது வர வேண்டும் என்றார் தோபெக். அவர் சொல்ல, ஊர் எழுத்தரான நான் எழுதி அனுப்பினேன்.

நவம்பரில் அகராதிக்காரர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். வெரூனாவின் மதுக்கடையில் உட்கார்ந்தோம்.

"தோபெக் ஐயா, உங்க சின்ன வயசுல ஜனங்க எப்படிக் கேப்பாங்க? 'போல்கா வாசிங்க'ன்னா?"

"பேரா? யாரு பேரு சொன்னா? ஆட நினைக்கிறவன் பாஸ் வயலின் ஓட்டைக்குள்ள காசைப் போட்டுட்டு, எங்க முன்னாடி நின்னு முதல் வரியைப் பாடுவான். நாங்க பிடிச்சுக்குவோம். அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் பேரை முதல்ல எங்க கேட்டீங்க?"

"யீச்சின் சந்தையில. பட்டணத்து ரிப்பன் வியாபாரி ஒருத்தன் சொன்னான். 'அட, இது நம்ம அரை அடியாச்சே'ன்னு எங்களுக்கு ஒரே சிரிப்பு."

அகராதிக்காரர் பென்சிலைப் பைக்குள் வைத்தார். அவர் வண்டி ஏறியதும் வெரூனா வெடித்தாள்.

"ஏன் பெரியவரே, ஊரே அப்படித்தான் கூப்பிட்டுச்சுன்னு ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"கேட்டாரு, நடந்ததைச் சொன்னேன்."

"நல்லாச் சொன்னீங்க! பட்டணத்தானுக்கே தூக்கிக் குடுத்துட்டீங்க."

அவர் முகம் அப்போதுதான் மாறியது.

கிறிஸ்துமஸுக்கு முன் அகராதிக்காரருக்கு இன்னொரு கடிதம் எழுதச் சொன்னார். அப்பொலேனாவில் தொடங்கி, அந்த அறைகளில் ஆடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இவங்கள்ல யாரு உயிரோட இருக்காங்க?" என்றேன்.

"நான் ஊதினவன்தானே. ஆடினவங்க யாரும் இல்ல."

அதையும் எழுதினேன்.

பதில் சுருக்கமாக வந்தது. பெயர் எங்கள் ஊரில் வழங்கியதற்குச் சான்றில்லை. போலந்துப் பெண் என்ற விளக்கத்தோடு அந்தப் பகுதி அச்சாகிவிட்டது. வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அதன்பின் அவர் எதுவும் எழுதச் சொல்லவில்லை. கடிதம் வந்து சேர்ந்தது 1892, மார்ச் 11.